புதுப்பிப்பு: ஃபோர்க் ஆயில் கசிவு நின்றது

பழைய பைக்கின் முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடித்துக் குலுக்கலை வாங்கும் இரண்டு குழாய்கள்) இடது பக்கம் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றியும் இரண்டே வாரத்தில் மறுபடி ஆயில் கசிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. குறை சீலில் இல்லை, சீல் உரசி ஏறி இறங்கும் குரோம் பைப்பில்.

ஃபோர்க்கைக் கழற்றி, பைப்பைத் துடைத்து, நகத்தால் மேலிருந்து கீழாக மெதுவாக வருடிப் பார்த்தேன். சீல் ஏறி இறங்கும் இடத்தில் ஓர் இடத்தில் நகம் தட்டியது. கடுகைவிடச் சின்னதாக ஒரு துருப்புள்ளி, சுற்றிலும் குரோம் லேசாக எழும்பி நின்றது. அந்த விளிம்புதான் ஒவ்வொரு குலுக்கலிலும் புது சீலின் உதட்டைக் கீறியிருக்கிறது. முதல் தடவையே இப்படிப் பார்த்திருக்க வேண்டும்.

2000 நம்பர் உப்புத்தாளை ஆயிலில் நனைத்து, நகம் தட்டாமல் போகும்வரை அந்த விளிம்பை மட்டும் தேய்த்தேன். குழி பெரிதாக இருந்தால் இது போதாது. பைப்பையே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகக் குரோம் பூச வேண்டும்.

அப்புறம் இரண்டு பக்கமும் புது சீல். பைப்பின் முனையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஆயில் தடவி, சீலை வழுக்கவிட்டு இறக்கினேன். சீலில் சின்ன ஸ்பிரிங் வளையம் தெரியும் பக்கம் கீழே, ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். ஆயில் மேனுவலில் சொன்ன அளவுதான், இரு பக்கமும் சமமாக.

ஓட்ட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. இன்று காலையும் பைப்பைத் துணியால் துடைத்தேன். துணியில் தூசி மட்டுமே.