எக்செல் ஆன்லைனில் கற்றால் தஞ்சாவூர் பக்கம் கணக்கு வேலைக்குப் போதுமா?

குடமுருட்டிக்கரை:
வணக்கம். வலங்கைமான் பக்கத்துக் கிராமம். கும்பகோணத்தில் பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. டேலி ஓரளவு தெரியும். போன மாதம் தஞ்சாவூரில் ஒரு மருந்து மொத்த விற்பனை அலுவலகத்தில் பில்லிங் வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தேன். லேப்டாப்பை முன்னால் வைத்து, "ஒரு ஷீட்ல கடைங்க பேரு இருக்கு, இன்னொண்ணுல பாக்கி பில் எல்லாம் இருக்கு. எந்தக் கடை மொத்தம் எவ்வளவு தரணும்னு 20 நிமிஷத்துல எடுத்துக் குடுங்க" என்றார்கள். நான் கடை கடையாகத் தேடி, கால்குலேட்டரில் கூட்டித் தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது கடையில் நேரம் முடிந்துவிட்டது. அங்கிருந்தவர் கோபப்படவில்லை. "எக்செல் கத்துக்கிட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

இங்கே ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதத்துக்கு 9,000 ரூபாய் கேட்கிறார்கள். சம்பா நடவுக்கு இப்போதுதான் அப்பா நகையை வைத்துப் பணம் புரட்டியிருக்கிறார். அவரிடம் கேட்க மனம் வரவில்லை. என்னிடம் ஒரு போனும், சித்தப்பா மகன் கொடுத்த பழைய லேப்டாப்பும் இருக்கின்றன. அதில் எக்செல் இல்லை. ஆன்லைனில் இலவசமாகக் கற்று வேலைக்குப் போனவர்கள் யாராவது இருந்தால், எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

ஓடம்போக்கி:
பணம் கட்ட வேண்டாம் சகோதரி. யூடியூபில் தமிழிலேயே நிறையப் பாடம் இருக்கிறது. ஒரு பட்டியலில் தேடி எடுத்துவரும் வீலுக்அப் (VLOOKUP), வகைவாரியாகத் தொகுத்துக் கூட்டித் தரும் பிவட் டேபிள் (Pivot Table) இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்டது வீலுக்அப் கணக்குத்தான். தைரியமாக இருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
தங்கச்சி, நான் நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே மாதிரி ஒரு லேப்டாப்பை முன்னால் வைத்தார்கள், நானும் இதே மாதிரிதான் எழுந்து வந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். உங்களுக்கு அன்று தேவைப்பட்டது வீலுக்அப் இல்லை. ஒரே கடைக்கு மூன்று பில் பாக்கி இருந்தால் வீலுக்அப் முதல் பில்லை மட்டும் எடுத்துவந்து நின்றுவிடும். மொத்தம் வேண்டுமென்றால், ஒரே பெயரில் உள்ளதை எல்லாம் கூட்டித் தரும் சம்இஃப்ஸ் (SUMIFS). ஒரு கடைக்கு எழுதி அப்படியே கீழே இழுத்தால் எல்லாக் கடைக்கும் வந்துவிடும். பிவட் டேபிளிலும் வரும்.

எக்செல் இல்லையே என்று நிற்காதீர்கள். லிப்ரே ஆபிஸை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அதில் எக்செல் மாதிரியே உள்ள கால்க் பழைய லேப்டாப்பிலும் ஓடும், எக்செல் கோப்பாகவும் சேமிக்கலாம். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் கால்க் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது போனில் கூகுள் ஷீட்ஸ். நான் இவற்றோடுதான் தொடங்கினேன்.

ஆனால் முதல் இரண்டு மாதம் வீடியோ பார்த்தே வீணாக்கினேன். வீடியோவோடு வரும் பயிற்சிக் கோப்பில் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், எல்லா ஃபார்முலாவும் முதல் தடவையே வேலை செய்யும். நமக்கும் எல்லாம் வந்துவிட்டது போலத் தோன்றும். அப்புறம் ஒருநாள் அப்பாவின் கொள்முதல் நிலைய ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் உண்மையில் கற்க ஆரம்பித்தேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். வீட்டு ரசீது போதாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள். தேதி, ரகம், சிப்பம் (மூட்டை), ஈரப்பதம், தொகை என்று போடுங்கள். ஓரத்தில் விலைக்கு ஒரு சின்ன அட்டவணை: 2025-26 பருவத்துக்கு அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டால் சாதா ரகம் 2,500, சன்ன ரகம் 2,545 ரூபாய். 40 கிலோ சிப்பத்துக்கு 1,000, 1,018 என்று வரும். ரகத்தைப் பார்த்து விலையை எடுத்துவருவதுதான் வீலுக்அப்பின் வேலை. ஃபார்முலா சொல்லும் தொகை சரியா என்று மனக்கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஃபார்முலாவின் கடைசியில் 0 போட மறக்காதீர்கள். அதை விட்டால் பிழை என்றுகூடக் காட்டாமல் வேறு வரியின் விலையை எடுத்துவந்துவிடும். இதே வேலையைச் செய்யும் புது ஃபார்முலாவான எக்ஸ்லுக்அப் (XLOOKUP) இதைவிட நல்லதுதான், ஆனால் எக்செல் 2016 மாதிரிப் பழைய பதிப்புகளில் அது கிடையாது. எங்கள் ஆலையிலும் இல்லை.

எனக்கு முதலில் பிவட் டேபிள் போட்டதும் பி.பி.டி. நெல் மூன்று வரியாக வந்தது. ஒரு இடத்தில் புள்ளி வைத்து, ஒரு இடத்தில் புள்ளி இல்லாமல், இன்னொரு இடத்தில் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு அடித்திருந்தேன். அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது. வேண்டாத இடைவெளியை நீக்கும் ட்ரிம் (TRIM) போட்டதும் போனது. புள்ளியை ரீப்ளேஸ் போட்டுச் சரிசெய்தேன்.

அடுத்தது தேதி. அப்பாவின் நோட்டில் முதல் வரி மேட்டூர் அணை திறந்த நாள், 12/06. வருடத்தோடு சேர்த்து அடித்தேன். கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கத்தில் இருந்ததால் அதை டிசம்பர் 6 என்று எடுத்துக்கொண்டது. அதற்குக் கீழே 25/06. இருபத்தைந்தாம் மாதம் ஏது? அதனால் அதைத் தேதியாகவே எடுக்காமல், வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிவைத்துவிட்டது. உண்மையான தேதி வலது ஓரத்தில் நிற்கும். யார் ஷீட் கொடுத்தாலும் இன்றைக்கும் நான் முதலில் பார்ப்பது தேதி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத்தான். எழுத்தாக நிற்பதை டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் நாள்-மாதம்-வருடம் என்று தேர்ந்தெடுத்தால் திருத்திவிடலாம். டிசம்பராக மாறிப்போனதைப் பார்த்துப் பார்த்து மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

இந்த ஷீட்டைப் பென் டிரைவில் போட்டுத்தான் இந்த ஆலைக்கு வந்தேன். முதலாளி சான்றிதழ் கேட்கவில்லை. "17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல எத்தனை சிப்பம்?" என்றார். ஃபில்டர் போட்டுக் காட்டினேன். அடுத்த திங்கள்கிழமை வரச் சொன்னார்.

அரசலாறு:
அக்கா சொன்னது சரி. ஆனால் மையமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் தம்பிக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்கவே வரவில்லை, மையத்துக்குப் போன பிறகுதான் விரல் பழகியது. இரண்டு மாதம் முயன்று பாருங்கள், வராவிட்டால் அப்போது யோசிக்கலாம்.

குடமுருட்டிக்கரை:
அக்கா, ரொம்ப நன்றி. நேற்று இரவே போன சம்பாவின் ரசீதுகளை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். எங்கள் பி.பி.டி.யும் இரண்டு வரியாகத்தான் வந்தது! ட்ரிம் போட்டதும் ஒன்றானது. 110 சிப்பத்துக்கு நீங்கள் சொன்ன சன்ன ரக விலையைப் போட்டுப் பார்த்தேன், தொகை சரியாக வருகிறது. ஆனால் 1,11,980 என்று காட்டாமல் 111,980 என்று காட்டுகிறது. இதை எப்படி மாற்றுவது?

வெண்ணாற்றங்கரை:
விண்டோஸ் செட்டிங்ஸில் ரீஜியன் என்று இருக்கும். அங்கே இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றிவிட்டு, லிப்ரே ஆபிஸை மூடித் திறங்கள். லட்சம் வந்துவிடும். இனி அடிக்கும் தேதியும் நாள் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே அடித்த தேதிகள் தாமாக மாறாது, அவற்றை ஒரு தடவை ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது முடிந்ததும் அந்த மருந்து அலுவலகக் கணக்கையே மறுபடி போடலாம். ஐம்பது கடை, இருநூறு பில் என்று நீங்களே ஒரு ஷீட் தயார் செய்து, சம்இஃப்ஸ் எழுதிக் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.