சர்க்கரை நோய் உள்ள குழந்தை வரும் கதைப் புத்தகம் தெரியுமா?

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயது. போன வருடம் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. ஊசி, விரல் நுனியில் சொட்டு ரத்தம், கையில் ஒட்டிய சென்சார் எல்லாம் பழகிவிட்டது. சரியான புத்தகப் புழு. நேற்று ராத்திரி ஒரு கதையை முடித்துவிட்டு, "இதுல வர்ற யாருமே சாப்பிடுறதுக்கு முன்னாடி ஊசி போட்டுக்க மாட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

தேடிப் பார்த்தேன். கிடைத்தவற்றில் பாதி, கதை வேஷம் போட்ட மருத்துவத் துண்டுப்பிரசுரம். மீதியில் அந்தக் குழந்தை மயங்கி விழுவதற்கென்றே வருகிறது. ஒன்றில் மிட்டாய் தின்றதால் வந்த நோய் என்று வேறு எழுதியிருந்தார்கள் (டைப் 1 அப்படி வருவதில்லை, இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது).

ஆங்கிலத்தில் 1986-இல் தொடங்கிய 'பேபி சிட்டர்ஸ் கிளப்' வரிசையில் ஸ்டேசிக்கு இந்த நோய் உண்டு. ஆனால் அவள் தோழிகளோடு சுற்றுகிற, அழகாக உடுத்துகிற சாதாரணப் பெண். அந்த மாதிரிதான் வேண்டும். துப்பறியட்டும், பேயைத் துரத்தட்டும். நடுவில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உட்கார்ந்து ஜூஸ் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, அப்புறம் துரத்தட்டும்.

தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது, மொழிபெயர்ப்பானாலும் சரி. 8 முதல் 12 வயதுக்கானது. தலைப்பும் எழுதியவர் பெயரும் போதும். கடைசியில் அந்தக் குழந்தை இறந்துபோகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.