எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு ஒரு அமைப்புக்கு மட்டும்: மூன்று பேர் சேர்ந்து வேலை செய்வது எப்படி?

வைகை:
குடும்ப வன்முறை வழக்குகளுக்காக ஒரு சட்ட உதவி மையம், ஒரு தலித் பெண்கள் சங்கம், ஒரு திருநங்கையர் அமைப்பு மூன்றும் கைகோக்கின்றன. வெளிநாட்டு நிதி வருகிறது. அதை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு சட்ட உதவி மையத்துக்கு மட்டுமே இருக்கிறது. புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு மற்ற இருவருக்கும் பங்கைப் பிரித்துக் கொடுக்கலாமா? ஒப்பந்தத்தில் வேறு என்ன எழுத வேண்டும்?

கணக்கர்:
கொடுக்க முடியாதுங்க. 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பின், அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி வெளிநாட்டு நிதியை வேறு யாருக்கும் மாற்றக் கூடாது. வாங்குபவரிடம் பதிவு இருந்தாலும் தடைதான். ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் சரியாகிவிடாது.

பதிவு உள்ள அமைப்பே நேரடியாகச் செலவு செய்யலாம். களப்பணியாளரின் நியமன ஆணை, சம்பளம், மண்டப வாடகை, பஸ் செலவு ரசீது எல்லாம் அதன் பெயரில் இருக்கட்டும். ஆள் தேர்விலும் ஊர் தேர்விலும் மற்ற இருவருக்கும் சம உரிமை இருக்கலாம், பணம்தான் கைமாறக் கூடாது. இல்லையென்றால் அவர்கள் எஃப்.சி.-3பி படிவத்தில் முன் அனுமதி கேட்கலாம். தொகை, நோக்கம் இரண்டையும் குறிப்பிட்டு நிதியாளர் உறுதிக் கடிதம் தர வேண்டும். முழுப் பதிவுக்கோ 3 ஆண்டுச் செயல்பாடும், அந்த ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்டியாக வேண்டும். சின்னச் சங்கங்களுக்கு இது எட்டாத உயரம், அநியாயமும்கூட.

பலர் மாட்டிக்கொள்வது ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று மொத்தமாக ஒரு தொகை கொடுத்துத்தான். என்ன வேலை, எத்தனை நாள் என்ற விவரம் இல்லாத பில், தணிக்கையில் நிதி மாற்றமாகவே தெரியும். நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நிலா:
பணத்தைவிட எனக்குப் பயம் தருவது வழக்குக் கோப்புதான். மூன்று அலுவலகமும் திறக்கக்கூடிய ஒரே கூகுள் ஷீட்டில் பெண்ணின் பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் கிடக்கும். ஷீட்டில் எண் மட்டும் போடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல், புகாரை முதலில் வாங்கிய அமைப்பின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். சம்மதமும் மூவருக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தாக வேண்டாம். எந்த அமைப்புக்கு எந்தத் தகவல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பாலியல் வன்கொடுமை வழக்கு என்றால், அடையாளத்தை வெளியிடுவது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 72-ஆம் பிரிவின் கீழ் 2 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். பெயரை எடுத்துவிட்டு ஊர், வயது, கணவரின் தொழில் மூன்றையும் கூட்டறிக்கையில் விட்டுவைத்தால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

பஞ்சாலை:
யார் ஒப்பந்தத் தரப்பு என்பதையும் பாருங்கள். ஆடை ஆலைகளில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், தலித் பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யூ. தொழிற்சங்கம் நேரடித் தரப்பு. பெரிய அமைப்பின் களப்பிரிவாக அது சுருக்கப்படவில்லை. ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் என்ற தொழிலாளர் கூட்டமைப்பு போன்ற கூட்டாளிகள் உடன் கையெழுத்திட்டார்கள், எச்&எம் போன்ற பிராண்டுகளையும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வைத்தார்கள். உங்கள் ஒப்பந்தத்திலும் சங்கமும் திருநங்கையர் அமைப்பும் சம தரப்பாக இருக்கட்டும், பத்திரிகை அறிக்கைக்கு மூவர் ஒப்புதலும் வேண்டும் என்று எழுதுங்கள்.

கூட்டாளி அமைப்பின் ஊழியர் மீதே பாலியல் துன்புறுத்தல் புகார் வந்தால் எங்கே போவது என்பதையும் விட்டுவிடாதீர்கள். 10 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள அமைப்பில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்காது; 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். அந்தக் குழுவின் முகவரியை ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

வைகை:
நன்றிங்க. உள்ளூர் நன்கொடையைப் பிரிக்கலாமா?

கணக்கர்:
அதற்கு 7-ஆம் பிரிவு பொருந்தாது. ஆனால் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கில் உள்நாட்டுப் பணம் ஒரு ரூபாய்கூட விழக் கூடாது. வேறு கணக்கில் வாங்கி, அங்கிருந்து கொடுங்கள்.