அயர்ன் பாக்ஸ் போட்டா ஆர்சிசிபி விழுது, ஃபேன் போட்டா விழல. ஏன்?

கோவில்பட்டிக்காரன்:
வணக்கம். வீடு கட்டி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. போன வாரம் டிபி பெட்டியை (கரண்டை ஒவ்வொரு லைனுக்கும் பிரிக்கிற பெட்டி) மாத்தி, 40 ஆம்ப்ஸ், 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் லீக்கானா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) புதுசா போட்டோம். முன்னாடி வெறும் எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் ஆனா ஆஃப் ஆகுற சுவிட்ச்) தான், தொந்தரவே இல்ல. இப்ப அயர்ன் பாக்ஸ் சுவிட்சைத் தட்டுனதும் ஆர்சிசிபி விழுந்துடுது. எந்த ரூம் பிளக்ல போட்டாலும் அதே கதை. ஹீட்டருக்கும் விழுது. ஃபேன், லைட், செல் சார்ஜர் எல்லாம் நல்லா ஓடுது. அதே அயர்ன் பாக்ஸைப் பக்கத்து வீட்ல போட்டுப் பாத்தேன். அங்கயும் ஆர்சிசிபி இருக்கு, விழல. மாட்டிக் கொடுத்தவர் "ஆர்சிசிபியே கோளாறு, அதை விட்டுட்டு டைரக்ட் பண்ணிடலாமா"ன்னு கேக்குறார். பண்ணலாமா?

கடைக்காரத்_தம்பி:
30 மில்லி ஆம்ப்ஸ் ரொம்ப சென்சிட்டிவ் அண்ணே. எங்க கடையில 100 போட்டிருக்கோம், விழுந்ததே இல்ல.

திருச்சி_ஒயர்மேன்:
டைரக்ட் மட்டும் பண்ணிடாதீங்க சார். தம்பி, 100, 300 எல்லாம் லீக்கேஜால தீப்பிடிக்காம இருக்கப் போடுறது. ஆள் ஷாக் அடிச்சுச் சாகாம இருக்க 30 தான் வேணும்.

ஃபேஸ்ல போன கரண்ட் அப்படியே நியூட்ரல்ல திரும்பி வருதான்னு தான் ஆர்சிசிபி பாக்கும். கணக்குல 30 மில்லி ஆம்ப்ஸ் குறைஞ்சாலே விழுந்துடும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்ல 4.3 ஆம்ப்ஸ் இழுக்கும். திரும்பி வர்றதுல நூத்துல ஒரு பங்கு எர்த் வழியா நழுவினாலும் 43 மில்லி ஆம்ப்ஸ் ஆச்சே. 75 வாட் ஃபேனுக்கு அதே ஒரு பங்கு 3 மில்லி ஆம்ப்ஸ் தான், அதனால தப்பிச்சிடுது. பெரிய லோடு எதைப் போட்டாலும், எந்த ரூம்ல போட்டாலும் விழுதுன்னா அயர்ன் பாக்ஸ் மேல குத்தமில்ல. வீட்ல எங்கயோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கு.

பழைய வீட்ல இது சகஜம். எர்த் ஒயர் சரியா வராத பிளக்ல, நியூட்ரல்ல இருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயர் லூப் போட்டிருப்பாங்க. டெஸ்டர் வச்சா எரியாது, எல்லாம் சரின்னு போயிடுவாங்க. என்னிக்காவது அந்த நியூட்ரல் நடுவுல கழண்டுச்சுன்னா, அந்த பிளக்ல இருக்குற ஃபிரிட்ஜ் பாடிக்கே 230 வோல்ட் வந்து நிக்கும்.

கோவில்பட்டிக்காரன்:
எம்சிபியை ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாத்தா எந்த லைன்னு தெரியாதா?

திருச்சி_ஒயர்மேன்:
தெரியாது சார். சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும் தான் அறுக்கும், நியூட்ரல் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும். இங்க தான் பாதிப் பேர் ரெண்டு நாள் தேடிட்டு, ஆர்சிசிபி மேல பழியைப் போடுறது.

லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு இப்படிச் செய்யச் சொல்லுங்க. எல்லா பிளக்கையும் உருவிடணும். ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் அறுக்குற டபுள் போல் மெயினை ஆஃப் பண்ணணும். இன்வெர்ட்டர் இருந்தா அதையும் ஆஃப் பண்ணணும், மறந்தா மெயின் இறங்கியிருந்தாலும் அந்த லைன்ல கரண்ட் இருக்கும். டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்குற இடத்துல வச்சு எரியுதான்னு பாத்துட்டு, அப்புறம் டிபியில வச்சுப் பாக்கணும். பிறகு நியூட்ரல் ஒயர் எல்லாம் சேர்ற நியூட்ரல் லிங்க்ல இருந்து ஒயரை ஒவ்வொண்ணா கழட்டி, மல்டிமீட்டரால எர்த் லிங்க்கோட கன்டினியூட்டி (ரெண்டும் ஒட்டியிருக்கா) பாக்கணும். எது பீப் அடிக்குதோ அந்த லைன்.

இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் ஏதாவது சுவிட்ச் பாக்ஸ்ல கலந்திருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. அதுவும் இப்படித்தான் விழ வைக்கும்.

கோவில்பட்டிக்காரன்:
மாட்டிருச்சு சார்! வேற ஆள் வந்து பாத்தார். பின்கட்டுல வாஷிங் மெஷின் பிளக். கவரைக் கழட்டுனா கறுப்பு நியூட்ரல் ஒயருக்கும் மேல இருக்குற எர்த் பின்னுக்கும் நடுவுல விரல் நீளத்துக்கு ஒரு பச்சை ஒயர், ரெண்டு முனையும் கருகிப் போயிருக்கு. எர்த் ஒயரும் அதே பின்ல தான் இருந்துச்சு. லூப்பை வெட்டி எடுத்ததும் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ரெண்டும் சேர்ந்தே ஓடுது. பழைய எம்சிபி எல்லாம் இனி தேவையா?

திருச்சி_ஒயர்மேன்:
கண்டிப்பா தேவை. ஓவர்லோடு, ஷார்ட்டுக்கு ஆர்சிசிபி விழாது, அது எம்சிபி வேலை. ஒரு கையில ஃபேஸ், ஒரு கையில நியூட்ரல் பிடிச்சா ஆர்சிசிபி காப்பாத்தாது, அதையும் பிள்ளைங்க கிட்ட சொல்லி வைங்க. ஆர்சிசிபில 'டி' (டெஸ்ட்) பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. விழலைன்னா ஆர்சிசிபியை மாத்திடுங்க. அந்தக் கருகின பிளக்கையும் மாத்தச் சொல்லுங்க சார், துடைச்சு மறுபடி போட விட்டுடாதீங்க.