பள்ளிக்கூட நேரத்தில் காரைக்குடிக்குள் லாரி வேண்டாம்: சரியா, தப்பா?

செக்காலை சைக்கிள்
கோரிக்கை இதுதான். காலை 8 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 5.30 வரை செக்காலை ரோடு, கல்லுக்கட்டி, கோவிலூர் ரோடு பக்கம் ஆறு சக்கர லாரியோ அதற்குப் பெரியதோ நுழையக் கூடாது. அந்த நேரத்தில் ரோட்டை நிறைப்பது பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் வரும் பிள்ளைகள். லாரி அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். ரெண்டு பக்கமும் பைக் நிற்கிற தெருவில் அது போக சைக்கிளுக்கு என்ன மிச்சம்? ஆட்சியருக்கு மனு கொடுக்கும் முன் இங்கேயே அடித்துப் பேசிவிடுவோம்.

டாரஸ்காரன்
தடை போட்டா லாரி மாயமாயிடுமாண்ணே? திருமயம் பக்கமிருந்து ஜல்லி, எம் சாண்ட் ஏத்தி வர்ற வண்டி 8 மணிக்கு 536 நெடுஞ்சாலை ஓரத்துலதான் நிக்கும். வரிசையா நின்னு 9.30க்கு மொத்தமா ஊருக்குள்ள இறங்கும். டிரைவருக்குச் சம்பளம் டிரிப் கணக்கு. ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்தைப் பிடுங்கினா அதை ஆக்சிலேட்டர்லதான் ஈடு கட்டுவான். ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டி கதை இன்னும் மோசம், கலந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொட்டியாகணும். ஓரமா நிறுத்தி வச்சா டிரம்முக்குள்ளேயே இறுக ஆரம்பிச்சிடும்.

இன்னொண்ணு. மூணு சைக்கிள் பக்கத்துல பக்கத்துல போறது, பள்ளிக்கூட வாசல்ல இருந்து எதிர்த்திசையில வர்றது, இதுக்கெல்லாம் பைன் உண்டா? இல்ல பைன் எங்களுக்கு மட்டும்தானா?

சட்டப்புள்ளி
மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் அபராதங்கள் மோட்டார் வண்டிக்கு. சைக்கிள் அந்த வரையறைக்குள் வராது. 2019 திருத்தத்தில் 138(1A) என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். மோட்டார் இல்லாத வண்டிகளையும் நடந்து போவோரையும் ஒழுங்குபடுத்த மாநில அரசு விதி போடலாம் என்கிறது. ஆக, சைக்கிளுக்கு விதி வேண்டுமானால் கேட்க வேண்டியது சென்னையில். நம்மூர் டிராபிக் காவலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

லாரித் தடைக்கு வழி 115-ம் பிரிவு. மாநில அரசோ, அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ அறிவிப்பு வெளியிட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழில் வரத் தேவையில்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். மனுவில் நிரந்தரத் தடை கேட்காமல் ஒரு மாத வெள்ளோட்டம் கேட்பது புத்திசாலித்தனம்.

116-ம் பிரிவுப்படி பலகையும் வேண்டும்: வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, நடுவில் லாரிப் படம், கீழே நேரம். தெருக்காரர்கள் தகரத்தில் பெயின்ட் அடித்து மாட்டுகிற 'லாரிகள் நுழையாதே' போர்டை நம்பி யாருக்கும் அபராதம் போட முடியாது.

ரோடு அளவு
நேரத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஆளைக் கொல்வது வேகமும் திருப்பமும். நம்ம தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி நேர்கோணத்தில் வெட்டிக்கொள்பவை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 5 மீட்டர் இடைவெளி உள்ள லாரி, முன்சக்கரம் 9 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பின்சக்கரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உள்வாங்கி ஓடும். அதனால் டிரைவர் முதலில் வலப்பக்கம் ஒடித்து, பிறகு இடப்பக்கம் திருப்புவார். இடது ஓரத்தில் திறக்கிற அந்த இடைவெளியைப் பார்த்து 'வழி விட்டார்' என்று நினைத்து சைக்கிள் நுழையும். அடுத்த ரெண்டு விநாடியில் இடைவெளி மூடிக்கொள்ளும். சைக்கிள் நிற்கிற இடம் கேபினிலிருந்து கண்ணுக்கே படாது.

முன்பு கிளீனர் இடப்பக்கம் தலையை நீட்டி 'வா, வா, ஹோல்டேன்' என்று தட்டிச் சொல்வார். இப்போது பாதி வண்டியில் கிளீனரே இல்லை. என்னைக் கேட்டால் நேரத் தடையைவிட 'கிளீனர் இல்லாமல் ஊருக்குள் வராதே' என்பது பெரிய விதி. பக்கத் தடுப்புக் கம்பியையும் பார்க்க வேண்டும். தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கி நின்றால் விழுந்த சைக்கிளும் ஆளும் நேராகப் பின்சக்கரத்துக்கு அடியில்தான்.

வேகக் கணக்கு: ஒரு விநாடி யோசிக்கும் நேரம், நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்று வைத்தால் 40 கிலோமீட்டரில் வரும் வண்டி நிற்க சுமார் 23 மீட்டர் ஆகும், 30-ல் 15. லோடு கூடினால் ரெண்டுமே நீளும். வேக வரம்புக்கான 112-ம் பிரிவில் 30 என்று கேளுங்கள், நாள் முழுக்க.

டாரஸ்காரன்
30 சரி, ஒத்துக்கிறேன். கிளீனருக்குச் சம்பளம் யார் தருவா? வாடகை ஏறினா கட்டடக்காரர் அடுத்த வண்டிக்காரரைக் கூப்பிடுவார்.

செக்காலை சைக்கிள்
வாடகை கட்டுப்படியாகவில்லை என்றுதானே லோடை ஏற்றுகிறீர்கள்? ரெண்டு ஆக்சில் வண்டிக்கு மொத்த எடை 18.5 டன். வெறும் வண்டி 7 டன், எம் சாண்ட் ஒரு யூனிட் (நூறு கன அடி) நாலரை டன் என்று வைத்தால் ரெண்டரை யூனிட்டோடு நிறுத்த வேண்டும். மூணு யூனிட் போட்டால் 20.5 டன். அதிக லோடுக்கான 194-ம் பிரிவில் அபராதம் 20,000, கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, ஆக 24,000 ரூபாய், இறக்குகூலி தனி. தார்ப்பாயும் அரைகுறையாகக் கட்டுவது. திருப்பத்தில் சிந்துகிற மணலில் சைக்கிளின் முன்சக்கரம் வழுக்கினால் பிரேக் பிடித்தும் நிற்காது.

டாரஸ்காரன்
மூணு யூனிட்டுக்கு ஆர்டர் கொடுத்துட்டு ரெண்டரை வந்தா 'அளவு குறையுது'ன்னு சண்டைக்கு வர்றது நீங்கதான் தம்பி. தார்ப்பாய் விஷயம் நியாயம்.

ஆறாவது தெரு ஆச்சி
சைக்கிள், லாரி ரெண்டையும் பேசியாச்சு, நடக்கிற ஜனம் எங்கேப்பா? நடைபாதை கடைப்பகுதியில் ரெண்டரை மீட்டர், குடியிருப்பில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்கணும்னு இந்திய சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி சொல்லுது. இங்கே சாக்கடைப் பலகைக் கல்தான் நடைபாதை, அதிலும் பாதி ஆடும். மீதியில் கடைப்படியும் பைக்கும். ஜனம் ரோட்டில் இறங்கினால் சைக்கிள் நடு ரோட்டுக்குத் தள்ளப்படுது, அங்கே லாரி. தடை கேட்கிறவங்க முதல்ல கடைப்படியை இடிக்கச் சொல்லுங்க.

இறக்குற இடத்தையும் மாத்தலாம். நம்ம வீடுகளுக்கு முகப்பு ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. கல்லும் மரமும் முகப்பு வாசல்லதான் இறங்கணும்னு என்ன சாஸ்திரம்? பின்தெருவுல இறக்கினா முன்தெரு பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

டாரஸ்காரன்
ஆச்சி, பின்தெருவுக்குள்ள பத்துச் சக்கர வண்டி திரும்பாது. சின்ன வண்டிக்கு மாத்தினா கூலி ரெண்டு தடவை, தரைக்குப் போடுற ஆத்தங்குடிக் கல்லா இருந்தா சேதாரமும் ரெண்டு தடவை. நிமிர்த்தி அடுக்கி, இடையில வைக்கோல் வச்சு வர்ற சரக்கு அது. முனை போனா திருப்பி அனுப்பிடுவாங்க.

ரோடு அளவு
ஆத்தங்குடிக் கல்லின் முனையை உடைப்பதில் நம்ம வேகத்தடைக்கும் பங்கு உண்டு. முறையானது 3.7 மீட்டர் அகலத்தில் வளைந்து ஏறி, நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். 25 கிலோமீட்டரில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். இங்கே தாரைக் குவித்து ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு முட்டு வைக்கிறார்கள். லாரி தூக்கிப் போடும், இருட்டில் சைக்கிள்காரர் கவிழ்வார், பைக் ஓட்டுபவர் ஓரமாக விலகி நடப்பவர்மேல் ஏறுவார். வெள்ளைப் பட்டையும் கிடையாது.

ஆறாவது தெரு ஆச்சி
தை மாசத்தையும் மனுவுல சேருங்க. பழனிப் பாதயாத்திரை குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியா ராத்திரியில போகும். ஜனம் இடது ஓரத்துலயே, லாரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நடக்குது. எதிரே வர்ற வண்டி தெரியற மாதிரி வலது ஓரம் நடக்கச் சொல்லணும். ஒளிரும் பட்டையைத் தோள்பையில ஒட்டினா போதாது. லாரி லைட்டைத் தாழ்த்தினா வெளிச்சம் கீழேதான் விழும், கணுக்கால்ல கட்டினா அசைவோட பளிச்சுன்னு தெரியும். அந்தச் சில நாளைக்கு ராத்திரித் தடை கேட்டா நான் முதல் ஆளா கையெழுத்துப் போடுவேன். பள்ளிக்கூட நேரத் தடைக்கு இன்னும் மனசு வரலை.

சட்டப்புள்ளி
ஆச்சி கேட்பது 115-க்குள் சுலபமாக அடங்கும், சில நாள் விவகாரம்தானே. ஆனால் செட்டிநாடு ரெண்டு மாவட்டம். காரைக்குடி சிவகங்கை, திருமயம் புதுக்கோட்டை. லாரியை நிறுத்தும் இடம் அந்தப் பக்கம் விழுந்தால் ரெண்டு ஆட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுக்க வேண்டும்.

செக்காலை சைக்கிள்
சரி, மனு இப்படி மாறுகிறது: நாள் முழுக்க 30, திருப்பங்களில் கிளீனர், தார்ப்பாய், நெடுஞ்சாலை ஓரம் லாரிகளுக்கு நிறுத்துமிடம், காலை 8 முதல் 9.30 வரை மட்டும் ஒரு மாத வெள்ளோட்டம். மாலை நேரத்தை விட்டுக் கொடுத்துவிட்டேன். காலையை விட மாட்டேன்.

டாரஸ்காரன்
ரெடிமிக்ஸுக்கு விலக்கு எழுதுங்க, நிறுத்துமிடம் தயாரான பிறகே தடைன்னு எழுதுங்க. அந்த ரெண்டும் இல்லாம ஆட்சியர்கிட்ட போனா எங்க தரப்புல தனி மனு வரும்.