பத்து நாள் மௌனமும் ஒரு மோட்டார் சுவிட்சும்: மனம் எங்கே பண்படுகிறது?

வைகைக்கரை:
சென்ற மாதம் பத்து நாள் மௌன தியான முகாம் ஒன்றுக்குப் போய் வந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். கைப்பேசி இல்லை, பேச்சு இல்லை, மூச்சைக் கவனிப்பது ஒன்றே வேலை. ஏழாம் நாள் ஒரு கொசு என் இமைமேல் உட்கார்ந்து நிதானமாகக் கடித்தது. கையைத் தூக்கவில்லை. மனம் வசப்பட்டுவிட்டது என்று உள்ளூர ஒரு பெருமை.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் அப்பா மோட்டாரை அணைக்க மறந்துவிட்டார். தொட்டி வழிந்து, மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த சுண்டைக்காய் வற்றல் முழுக்க நனைந்தது. எழுபத்தொரு வயது மனிதரைப் பார்த்து நான் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

தனியே உட்கார்ந்து மனத்தைப் பண்படுத்தலாம் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. யாரோடு இருக்கிறோமோ அதுதான் மனம். வள்ளுவர் 454ஆம் குறளில் இதைத்தான் சொல்கிறார்: "மனத்து ளதுபோலக் காட்டி ஒருவற்கு இனத்துள தாகும் அறிவு." மனத்தில் இருப்பதுபோலத் தோற்றம் காட்டும், இருப்பதோ சேர்ந்த கூட்டத்தில். முகாமில் சாந்தமாக இருந்தது நானல்ல, என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த அறுபது பேர். மறுப்பவர்கள் வரலாம்.

கல்லாடன்:
வந்துவிட்டேன். அதே வள்ளுவர் 34ஆம் குறளில் "மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன், ஆகுல நீர பிற" என்கிறார். அறம் மொத்தமும் மனத்தில் மாசு இல்லாமல் இருப்பதுதான், மற்றதெல்லாம் வெறும் ஆரவாரம். மனம் கூட்டத்தின் தயவில் உண்டாவது என்றால், தனி ஒருவனைப் பார்த்து "மாசிலன் ஆகு" என்று சொல்வதற்கு என்ன பொருள்?

என் பெரியப்பா சாராயக் கடையில் முப்பது ஆண்டு கணக்கு எழுதினார். ஒரு சொட்டு தொட்டதில்லை. உங்கள் 'இனம்' அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? பத்து நாள் நாற்று விட்டுவிட்டுப் பதினோராம் நாள் நெல் கேட்கிறீர்கள், ஐயா. குறை பயிரில் இல்லை.

மாலதி:
இருவருமே பண்படுத்துவதையும் அடக்குவதையும் ஒன்றாக்குகிறீர்கள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் அதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். ஐந்து நிமிடம் கரடியை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றும் தெரிய வந்தது: முதலில் அடக்கிப் பார்த்தவர்களை "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று விட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. கொசுவிடம் வைகைக்கரை செய்தது அடக்கல். மூன்றாம் நாள் வந்தது கரடி.

வைகைக்கரை:
அப்படியானால் நீங்கள் என் கட்சி.

மாலதி:
இல்லை. நீங்கள் பயிற்சியே வீண் என்கிறீர்கள். எதைப் பயின்றீர்கள் என்பதுதான் என் கேள்வி.

பழைய வாத்தியார்:
மாலதி அம்மா விட்ட இடத்தில் தொடர்கிறேன். பயிற்சி வீண் என்று தமிழ்நாட்டில் இருந்துகொண்டு சொல்லக் கூடாது. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டும் வித்தை. ஒருவர் ஈற்றடி கொடுப்பார், ஒருவர் இலக்கணம் கேட்பார், ஒருவர் முதுகில் நெல்மணிகளை எறிவார். அத்தனைக்கும் ஒரே மனம் ஈடுகொடுக்க வேண்டும். அது கூட்டம் கொடுத்ததல்ல, அவர் சேர்த்தது.

ஆனால் பயிற்சிக்கு ஓர் எல்லை உண்டு. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்துதான் உரிமம் வாங்குகிறார்கள். நரம்பியலாளர் எலினோர் மகுவயர் குழு 2000இல் அவர்களுடைய மூளையைப் படமெடுத்தபோது, இடநினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதியின் பின்பாகம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. முன்பாகமோ சிறிதாக இருந்தது. பிந்தைய ஆய்வு ஒன்றில், சிக்கலான ஒரு புதிய வடிவத்தைக் காட்டிப் பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னபோது அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். உழுத வயல்தான் விளையும், பக்கத்து வயல் விளையாது. தம்பி கொசுவிடம் பொறுமை பழகினார். கொசுவிடம் பொறுமை வந்தது. அப்பாவிடம் பொறுமை வேண்டுமென்றால் அப்பாவிடம்தான் பழக வேண்டும். அதற்கு முகாம் நடத்த ஆள் இல்லை.

கல்லாடன்:
வாத்தியார் ஐயா சொன்னதை ஒப்புகிறேன். ஆனால் வைகைக்கரை தப்பிக்க வேண்டாம். அவர் காட்டிய 454ஆம் குறளின் அதிகாரத்திலேயே நான்கு குறள் தள்ளி, 458: "மனநலம் நன்குடைய ராயினும் சான்றோர்க்கு இனநலம் ஏமாப் புடைத்து." 'உடையராயினும்' என்கிறார். அதாவது மனநலம் முன்பே இருக்கிறது. ஏமாப்பு என்றால் காவல். வேலி பயிரைக் காக்கும், முளைக்க வைக்காது.

வைகைக்கரை:
455ஐ ஏன் தாண்டிப் போனீர்கள்? மனத்தூய்மை, செய்வினைத் தூய்மை "இரண்டும் இனந்தூய்மை தூவா வரும்." தூவா என்பதற்குப் 'பற்றுக்கோடாக' என்று பரிமேலழகரே உரை எழுதுகிறார். கொழுகொம்பு இல்லாமல் எந்தக் கொடி ஏறும்? உங்கள் பெரியப்பா கடையை அடைத்துவிட்டு எங்கே போவார், அதைச் சொல்லுங்கள்.

கல்லாடன்:
தினமும் மாலை ஆறரைக்கு வள்ளலார் சபைக்கு. சிரிக்க வேண்டாம். கடை ஒரு பக்கம், சபை ஒரு பக்கம். கால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்தது எது? அதற்கும் ஒரு சபை இருந்தது என்பீர்கள், பிறகு அதற்கும் ஒன்று. எங்கேயாவது ஓரிடத்தில் ஒரு மனிதன் தானாகத் திரும்பியிருக்க வேண்டும்.

வைகைக்கரை:
அவரை முதன்முதலில் அழைத்துப்போனவர் யார் என்று வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.

மாலதி:
குறள் எண்களை நீங்கள் இருவரும் பிறகு பங்கிட்டுக்கொள்ளலாம். அன்று அப்பா என்ன சொன்னார்?

வைகைக்கரை:
ஒன்றும் சொல்லவில்லை. நனைந்த வற்றலை வடித்து, வேறு வேட்டி விரித்துப் பரப்பினார். மறுநாள் முதல் மோட்டாரைப் போட்டதும் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். தொட்டி நிரம்ப நாற்பது நிமிடம் ஆகும். செய்தித்தாள்கூட எடுத்துக்கொள்வதில்லை.