மறுமொழி: இல்திஃபாத்துக்குத் தமிழ்?

அனைவருக்கும் சலாம். பலாகா (அரபு அணியியல்) பாடநூலின் சொல்லடைவு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பேச்சின் நடுவே தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் மாறும் அணியான இல்திஃபாத்துக்கு எதிரே மட்டும் கட்டம் காலி. பாடத்தில் வருபவை குர்ஆனின் இறையச்ச வசனங்கள். 16:51இல் ‘அவன் ஒரே இறைவன்’ என்று படர்க்கையில் போகும் பேச்சு, ‘என்னையே அஞ்சுங்கள்’ என்று தன்மைக்குத் தாவுகிறது. ‘இடமாற்றணி’ எனலாமா?
– ச.

> இடமாற்றணி

ஐயா, அரசு ஊழியர்தான் நினைவுக்கு வருகிறார். ‘ஓரிடம் பிறவிடம் தழுவலும் உளவே’ என்று நன்னூல் எப்போதோ சொல்லிவிட்டது. இடம் மாறும் வழுவை ஏற்கும் இடவழுவமைதி இருக்கப் புதுச்சொல் எதற்கு?
– இரா.

இறைவசனத்தின் மேல் ‘வழு’வை ஏற்றுவதா? பின்னால் வரும் ‘அமைதி’ மாணவர் காதில் விழாது. தவிர, வழுவமைதி பொறுத்துக்கொள்வது. இது வேண்டுமென்றே செய்வது. ல-ஃப-த என்னும் வேருக்குத் திருப்புதல் என்று பொருள், முகத்தை, கழுத்தை. ஆகவே ‘திரும்பணி’.
– மு.

மகரம் பகரமாய் அச்சேறினால் கோயில் திருப்பணி ஆகிவிடும்! முன்னிலைப் புறமொழியை யாரும் சொல்வதற்கு முன் நானே விலக்கிவிடுகிறேன்: அது எதிரே நிற்பவரைப் படர்க்கையாக்குவது. இங்கே நடப்பது வேறு.

பெயரைவிட விளக்கத்தில் கவனம் வையுங்கள். 2:197இல் ‘அல்லாஹ் அதை அறிவான்’ என்பதற்குப் பின், ‘வழித்துணைப் பொருளில் சிறந்தது தக்வா (இறையச்சம்)’ என்று சொல்லி, ‘வத்தகூனி’ (என்னை அஞ்சுங்கள்) வருகிறது. ‘என்னை’யைக் காட்டும் இறுதி ‘யா’ என்னும் எழுத்து எழுதப்படவில்லை. நூன் (ன) எழுத்தின் கீழுள்ள கஸ்ரா என்னும் இகரக் குறிதான் ‘என்னை’. ஏவல் பன்மையில் நூன் கெடும் என்பதால் இது பன்மை நூனாக இருக்க வழியில்லை, ‘என்னை’ விகுதிக்கு முன் வரும் காப்பு நூனாகிய நூனுல் விகாயாதான். அதைப் பன்மை ஈறு என்று எண்ணும் மாணவருக்குத் தன்மை இடமே தெரியாமல் போகும். 16:51இல் இந்தச் சிக்கல் இல்லை. ‘இய்யாய’ (என்னையே) முன்னாலேயே நின்று உரக்கச் சொல்கிறது, அந்த முன்னிறுத்தலுக்கு நம் பிரிநிலை ஏகாரம் கச்சிதம். ஆனால் ஓட்டம் கெடுகிறதே என்று ‘அவனையே அஞ்சுங்கள்’ எனச் சமன் செய்தால் அணியே போச்சு.
– க.

நன்றி. ‘இடமாற்றணி’க்கே கை அதிகம், உற்சாகம் யாருக்கும் இல்லாவிட்டாலும். அடைப்புக்குள் இல்திஃபாத் சேர்த்து அனுப்புகிறேன்.
– ச.

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். எண் மாறுவதையும் இல்திஃபாத்தில் சேர்ப்போர் உண்டு. 65:1இல் ‘நபியே’ என்று ஒருமையில் விளித்து, ‘உங்கள் இறைவனை அஞ்சுங்கள்’ என்று பன்மையில் போகிறது. ‘முன்னிலை சுட்டிய ஒருமைக் கிளவி பன்மையொடு முடியினும் வரைநிலை இன்றே’ என்ற தொல்காப்பிய விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது? இதில் எந்த ‘இடம்’ மாறியது?
– இரா.